கடைசி ஸ்லைடுக்கு ஒரு படம்

ஹலோ... சார், மேடை ஏறிட்டீங்களா?... இன்னும் இல்லையா? அப்பாடா. ஒரு நிமிஷம் பேசலாமா?... ஆமா, ஆமா, படம் இன்னும் அனுப்பல. அதைப் பத்தித்தான்... இல்ல சார், நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. தேற்றம்தான் சரியில்ல.

...

நம்ம தேற்றம் சார். தப்பு.

... சிரிக்காதீங்க சார், ப்ளீஸ்... கடைசி ஸ்லைடுக்கு லட்சணமா ஒரு படம் கேட்டீங்கல்ல? சின்னதா இருக்கட்டுமேன்னு ரெண்டு முக்கோணம் போட்டு, நடுவுல ஒரு கோட்டால சேர்த்தேன். ஆறே ஆறு புள்ளி. இந்த மாதிரிப் படம் எதைக் குடுத்தாலும், நம்ம விதிப்படி புள்ளிக்கு ரெண்டு ரெண்டு நிறம் குடுத்தா, அதுல ஒண்ணை எடுத்து நிறம் போட்டுடலாம், ஒரு கோட்டோட ரெண்டு முனையும் ஒரே நிறமா வராதுன்னுதானே நிரூபிச்சோம்? வருது சார். நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் பச்சை.

... மாத்திப் பாக்காம இருப்பேனா? ஒவ்வொரு புள்ளிக்கும் குடுத்த ரெண்டு நிறத்துல ஒண்ணைத்தானே எடுக்க முடியும்? எப்படிப் போட்டாலும் பச்சை, பச்சைதான்... ஆமா, ஆமா, போர்டு பூரா போட்டுட்டேன். மார்க்கரே தீந்துபோச்சு.

... கம்ப்யூட்டர்ல சோதிச்சோமேங்கறீங்களா? அதான் சார் கொடுமை. ஒரு கோட்டை வெட்டினா ரெண்டா உடையுற படத்தையெல்லாம் சோதிக்கவே வேண்டாம்னு ஒதுக்கிட்டோமே. பாதி பாதியா முடிச்சு ஒட்டிக்கலாம், இது வெளிப்படைன்னு கட்டுரையில ஒத்தை வரி... ஐயோ, நான் சோதிக்கல சார்! நீங்க எழுதியிருந்தீங்க, அப்ப நீங்க பாத்திருப்பீங்கன்னு நான்... ஓ. நான் பாத்திருப்பேன்னு நீங்க...

...

கடவுளே.

... இருங்க சார், யாரோ கதவைத் தட்டுறாங்க... நான் வரலப்பா, நீங்க போய்ச் சாப்பிடுங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க... ம், சொல்லுங்க சார்... ஒட்டுப்போட முடியாது. காலையிலேருந்து அதோடதான் மல்லுக்கட்டுறேன்.

... என்னது? வேற படமா? ... சரியா வர்ற படமா ஒண்ணு... இன்னிக்குப் பேசிட்டு அப்புறமா சரிபண்ணிக்கலாமா?... ம்... ம்... தெரியும் சார். இந்தத் தேற்றத்தை நம்பித்தான் எனக்கு அந்த வெளியூர் யுனிவர்சிட்டியில வேலை குடுத்தாங்க, தெரியும்... வேலை குடுத்தவங்களும் முன்வரிசையில உக்காந்திருக்காங்களா? போச்சு.

இருங்க, இன்னொரு கால் வருது... வீட்டுக்காரர். கட் பண்ணிட்டேன். அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? எனக்குக் கெடச்சிருச்சேன்னு போன வாரம் அவர் வேலையை விட்டுட்டாரு சார். பாப்பாவை அந்த ஊர் ஸ்கூல்ல சேத்தாச்சு... அழல. அழல சார், சளி.

... உங்களுக்கு என்ன சார், ஒரு கட்டுரை போனா இன்னொண்ணு... மன்னிச்சிடுங்க. வாய்தவறி வந்துருச்சு... ஆமா, உங்களுக்கும் மானப் பிரச்சனைதான்.

... உங்களைக் கூப்பிடுறாங்களா?... சரி. சரி, சரி, அனுப்புறேன். லைன்லயே இருங்க.... போயிருச்சு. பாருங்க.

...

ஆமா சார். ஆறு புள்ளிதான்.

... தெரிஞ்சேதான் அனுப்பினேன்... மறைச்சு வெச்சா மட்டும்? நாளைக்கு எவனாவது டீ குடிச்சுக்கிட்டே பேப்பர்ல கிறுக்குவான், இதே படம் தன்னால வந்து நிக்கும். அப்ப நம்மளை யாரு நம்புவா?... திட்டுங்க. இறங்கி வந்து நல்லாத் திட்டுங்க. ஆனா இன்னிக்கு இதைப் போட்டுக் காமிச்சிருங்க சார், உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்... வேலை போனா... போகக்கூடாதுதான் சார். எனக்கு வேணும் அந்த வேலை. ஆனா...

சார், கைதட்டுறாங்க. போறீங்களா? போட்டுருவீங்கல்ல? அதை மட்டும் சொல்லிட்டு... ஹலோ? சார்?

...

ஹலோ... ஆங், நான்தாங்க. சாருகூடப் பேசிக்கிட்டிருந்தேன்... தொண்டையா? சளி... சாமான் கட்ட அட்டைப்பெட்டியா? இன்னும் வாங்காதீங்க... ஒண்ணுமில்ல... ஏங்க, உங்க ஆபீஸ்ல உங்க இடத்துக்கு ஆள் போட்டுட்டாங்களா?