நெஞ்சில் கட்டின பெட்டி

— மூண்டு பேரைத் தோண்டி எடுத்திட்டினமாம் அப்பா. கவிசனை மட்டும் இன்னும் காணேல்லையாம்.

— ஆர் சொன்னது, டிலக்சி? வடிவாச் சொல்லு.

— அவன்ரை சிநேகிதன் சிந்திரே. மலையிலை இருந்து இப்பதான் போன் எடுத்தவன். அவன் கடைசியாய் வந்தபடியால் தப்பிட்டான். முன்னுக்குப் போன நாலு பேரையும் பனி அள்ளிக்கொண்டு போட்டுதாம்.

— தம்பி ஹித்தேயிலை, அந்த மலையடி மரவீட்டிலை இருந்து சோதினைக்குப் படிக்கப் போறான் எண்டுதானே எனக்குச் சொன்னனி?

— மலையேறப் போறான் எண்டால் நீங்கள் விடமாட்டியள் அப்பா.

— விடமாட்டன்தான். ஒஸ்லோவிலை இல்லாத பனியே அங்கை கிடக்கு?

— இப்ப ஏசாதேங்கோ. காலமை பனிச்சரிவு ஆபத்து எண்டு அறிவிச்சவங்கள். நான் உடனை மெசேஜ் போட்டனான். பயப்பிடாதை அக்கா எண்டு பதில் போட்டவன்.

— பனி இறுகிக் கல்லு மாதிரித்தானே கிடக்கும். பிறகென்னெண்டு சரிஞ்சது?

— மேலைதான் கல்லு. காத்து அடிச்சு அடிச்சுப் பலகை மாதிரி இறுக்கி வைச்சிருக்கும். அதுக்குக் கீழை பழம்பனி, சீனி மாதிரி, ஒண்டோடை ஒண்டு ஒட்டாது. ஆள் ஏறின உடனை அடி உதிர்ந்து பலகை முழுக்க வழுக்கிக்கொண்டு வரும். அவன்தான் எனக்கு விளங்கப்படுத்தினவன்.

— எல்லாம் தெரிஞ்சுகொண்டே போயிருக்கிறான். அங்கை வன்னியிலை என்ரை தங்கச்சி ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்கை. இஞ்சை என்ரை பிள்ளை பனிக்கை. எவ்வளவு நேரம் தாங்குவான்?

— அதைக் கேக்காதேங்கோ அப்பா. ஹெலிகொப்டரிலை மோப்பநாய் கொண்டுவருகினமாம். அதோடை அவன்ரை நெஞ்சிலை பெட்டி கட்டியிருக்கு.

— என்ன பெட்டி?

— மலைக்குப் போற எல்லாரும் கட்டுவினம். பெரிய சவுக்காரக்கட்டி அளவிலை, மஞ்சள் நிறம். பனிக்குக் கீழை கிடந்தாலும் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலை நிக்கிற ஆளின்ரை பெட்டி அதைப் பிடிச்சு இடத்தைக் காட்டும். மற்ற மூண்டு பேரையும் சிந்திரே அப்பிடித்தான் கண்டுபிடிச்சவன்.

— அப்ப எங்கடை பெட்டி ஏன் காட்டேல்லை?

— தெரியேல்லை. சிந்திரேயும் அதைத்தான் அழுதழுது கேட்டவன். காலமை வெளிக்கிடேக்கை பெட்டியிலை லைட் எரிஞ்சதாம், தான் பாத்ததாம்.

— பிள்ளை, பழைய பற்றறி எண்டாலும் லைட் எரியும்தானே?

— எரியும், கொஞ்ச நேரம். குளிருக்கை டக்கெண்டு செத்துப்போம். ஆனால் அவன் புதன்கிழமை புதுசு வாங்கிப் போட்டவன், நான் பக்கத்திலை நிண்டனான். அப்பா, ஏன் நிலத்திலை இருந்திட்டியள்? அப்பா?

— நேற்றுப் பெரிய வெள்ளி, ஒரு கடையும் திறக்கேல்லை. வன்னிச் செய்தி கேக்கிறதுக்கு ரேடியோவிலை பற்றறி முடிஞ்சுபோச்சு. தம்பி வெளிக்கிட முந்தி மேசையிலை ஒரு மஞ்சள் பெட்டி கிடந்தது. ஏதோ விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சு, அதிலை இருந்த புதுசைக் கழட்டி எடுத்திட்டு, என்ரை பழசைப் போட்டு, லைட் எரியுதோ எண்டும் பாத்துத்தான் வைச்சனான், பிள்ளை.