தட்டான்களுக்கு வைத்த சந்தனம்

குழந்தைக்கு மொட்டை போடும்போது அதன் அப்பாவைப் பேச்சில் இழுத்துவிட வேண்டும். அப்பா முகம் கோணினால்தான் குழந்தை அழும். திருத்தணி மலையடிவாரத்தில் முப்பத்தொரு வருஷமாகக் கத்தி பிடிக்கிறேன். என் கையில் யாருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. அனுசுயா அம்மா, உங்கள் கல்லூரி விசாரணையில் கோமளவல்லி சொன்னதாக இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் வாத்தியாராக இருக்கிற என் தம்பி இளம்பரிதி ஏமாற்றுக்காரன் இல்லை. அவனை வேலையைவிட்டு அனுப்புவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தட்டான் பூச்சியைப் போலப் பறக்கும் பொறி ஒன்றை அவன் ஒண்டியாகச் செய்துகொண்டிருந்தான். உடம்பு என் சுண்டுவிரல் அளவு, நான்கு றெக்கைகள். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் றெக்கை வெட்டித் தருவது என் வேலை. கை லேசு என்று அவன்தான் கேட்டான்.

"றெக்கை சும்மா மேல கீழ அடிக்கிறதில்லக்கா. ஒவ்வொரு அடிக்கும் திரும்பி எட்டு போடுது. முன்றெக்கை ஏறும்போது பின்றெக்கை எறங்குது."

"லைசென்சுக்குப் போடுற எட்டா?"

"ஆங், அதே மாதிரிதான். செகண்டுக்கு முப்பது தடவை."

"உனக்கு ஒரு எட்டே மூணு வாட்டி போயும் வரலியே நைனா."

"அதான் இதுவும் வரமாட்டேங்குது" என்றான்.

சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் பொறி பறக்காவிட்டால் அடுத்த வருஷம் வேலை இல்லை என்று நீங்கள் எல்லாரும் சொல்லியிருந்தீர்கள். என் பிளாஸ்டிக் றெக்கை திரும்புகிற இடத்தில் மடங்கியது, இல்லையென்றால் கிழிந்தது. அவன் அரை இட்லியோடு எழுந்து போனான். அப்போது துணிக்கொடியில் ஒரு தட்டான் வந்து உட்கார்ந்தது. அதன் றெக்கை மடங்கவும் இல்லை, கிழியவும் இல்லை. ஊரெல்லாம் கிடைக்கிற ஒன்றை எதற்குக் கஷ்டப்பட்டுச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. யாருக்கும் தோன்றும்.

கையில் பிடித்தால் தட்டான் தலை குனியும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். எங்கள் தொழிலில் தலை குனிந்தால் சம்மதம். நிமிர்ந்திருக்கிறவருக்கு நான் கத்தி வைத்ததே இல்லை. தட்டான்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை.

புது பிளேடு போட்டு, முருகா என்று சொல்லி, அடியோடு நான்கே இழுப்பு. பிறகு முதுகில் சந்தனம். வேண்டுதலுக்கு வருகிறவர்களுக்குச் செய்வதில் எதையும் நான் குறைக்கவில்லை. முடி கொடுத்தவர்கள் மூன்று மாதத்தில் தலை சீவுகிறார்கள். முருகனுக்குக் கொடுத்தது திரும்ப முளைக்காமல் போனதாக யாரும் என்னிடம் வந்து சொன்னதில்லை.

அந்த றெக்கைகளை ஒட்டியதும் பொறி பறந்தது. வீட்டுக்குள் மின்விசிறி உயரத்தில் நின்றது.

"நரம்பெல்லாம் எப்படிக்கா வரைஞ்ச?"

"கைப்பழக்கம் நைனா."

அன்றைக்கு ஆறு இட்லி சாப்பிட்டான்.

றெக்கை காய்ந்தால் நொறுங்கும். நான்குக்கும் இரண்டு மணி நேரம்தான் ஆயுசு. அவனோ நாளெல்லாம் பறக்கவிட்டான். வீட்டுப் பக்கம் தட்டான் குறைந்ததும் நான் கனகம்மாசத்திரம் ஏரிக்கரைக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

"தூக்குல இன்னாம்மா படபடன்னுது?" என்று கண்டக்டர் கேட்டார்.

"வேண்டுதல்ங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பொறியைப் பார்க்கக் கல்லூரிக்கு வந்த பெரியவர் றெக்கையை விரலால் தொட்டார், உதிர்ந்தது. முகர்ந்து பார்த்து, "இது பூச்சியோடது" என்றார். இளம்பரிதி தலை குனிந்து நின்றான். அவன் குனிந்ததைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அது நியாயம் இல்லை அம்மா. பயந்தவனும் தலை குனிவான். இது தெரியாமலா நீங்கள் இவ்வளவு படித்தீர்கள்?

அவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடித்தது நான், அறுத்தது நான், ஒட்டியது நான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். யாரையும் நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. எல்லாரும் எங்கள் வீட்டுப் பின்பக்கம், கல்யாணத்துக்கு வாங்கிய பெரிய அண்டாவில் இருக்கிறார்கள். அண்டா வாயில் கொசுவலை கட்டி, அதன்மேல் மூடி வைத்திருக்கிறேன். காலையில் வெல்லத் தண்ணீர், சாயங்காலம் சந்தனம். றெக்கை முளைத்ததும் ஏரிக்கே கொண்டுபோய் விட்டுவிடுவேன்.

நீங்கள் வந்து பார்க்கலாம். மூடியை மட்டும் மெதுவாகத் திறங்கள். மொட்டை போட்டுக்கொண்டவர்களுக்கு அசதியாகத்தான் இருக்கும். நல்ல தூக்கம் அவர்களுக்கு. போன கிருத்திகையிலிருந்து ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை.