மிச்சம் ஒன்பது நிமிடம்

விளக்கைக் கொஞ்சம் இறக்குங்கள், மண்ணெண்ணெய் வீணாகிறது. கரண்டு இப்போதைக்கு வராது. லைன்மேன் நானே இங்கே காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்புறம் எங்கிருந்து வரும்? பகல் முழுக்கக் கம்பம் ஏறிய அலுப்பு... இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். நீங்கள் ஊருக்குப் புதுசு. அதோ டீ ஆற்றுகிறானே சௌகத் அலி, அவன் தங்கை வீட்டில் நடந்தது. அவனே சொல்லட்டுமே என்கிறீர்களா? அதற்கும் வருகிறேன்.

போன வருஷம், எழுபத்தெட்டு, கார்த்திகை மாதம். இரவு பத்தே முக்கால். திருக்கழுக்குன்றத்திலிருந்து புதுப்பட்டினம் வரும் ரோடு. விளக்கு கிடையாது, ஆள் கிடையாது. சௌகத் ஒண்டியாக சைக்கிள் மிதித்து வந்தான். கேரியரில் துண்டு சுற்றிய டேப் ரெக்கார்டர். அதற்குள் ஒரு கேசட்.

முதலில் அந்தக் கேசட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தங்கை ராபியாவின் புருஷன் ரஹ்மத்துல்லாவுக்கு துபாயில் கொத்து வேலை. எழுத வராது. அரை மணி நேரம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புவான். ராபியா அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவாள். புருஷன் பேச்சு அழிந்துதான் பெண்டாட்டி பேச்சு ஏறும். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். கடைசியாக வந்த கேசட்டுக்கு அவள் பதில் பேசுவதற்குள் தந்தி வந்துவிட்டது. சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

மிஞ்சியது அந்த அரை மணி நேரக் குரல். அதையும் சௌகத் கெடுத்தான். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான் அப்போது. தங்கைக்குக் கேசட் போட்டுக் காட்டும் மெஷின் அவனுடையது, கேசட்டும் கடையில்தான் கிடக்கும். ஒரு ராத்திரி ஷார்ட் வேவில் ஏதோ ஸ்டேஷன்... எந்த நாடோ, இன்றுவரை தெரியாது... தமிழில் ஒரு நாடகம். இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷம், விண்வெளிக் கப்பல், கப்பலுக்குள் காட்டேரிகள். ரத்தம் குடிக்காதாம். துணையைப் பறிகொடுத்தவர்களின் பிரியத்தைக் குடிக்குமாம். குடித்தபின் செத்தவர் குரலிலேயே பேசுமாம். சௌகத்துக்குக் குஷி தாங்கவில்லை. கைக்குச் சிக்கிய கேசட்டைப் போட்டு ரெக்கார்டை அமுக்கினான். இருபத்தொரு நிமிஷம் கழித்துத்தான் அது எந்தக் கேசட் என்று பார்த்தான். பாவி!

ராபியா சத்தம் போடவில்லை. இத்தாவில் இருந்தாள், புருஷன் போனபின் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. "இன்னாண்ணே பண்றது... ஒம்போது நிமிசம் மிச்சம் கீதுல்ல. அது போதும். மிசினை வூட்லயே வச்சுட்டுப் போ" என்றாள்.

தினமும் முதலிலிருந்தே கேட்டாள். நாடகத்துக்கு அடியில் அவர் குரல் லேசாகக் கேட்கிறது என்பாள். ஒரு மாதம் போனது. அழுகை நின்றது. நல்லதுதானே என்றார்கள் எல்லோரும். சோறு குறைந்தது, பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடை. சௌகத் ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தான். நாடகம் இருபத்து மூன்று நிமிஷம் ஓடியது. அடுத்த வாரம் இருபத்தைந்து. மச்சான் குரல் அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. மேலே பதிவாகாமலிருக்க, கேசட்டின் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துப் பார்த்தான். அப்படியும் நாடகம் நீண்டது.

மிச்சத்தையாவது காப்பி எடுத்து வைக்கலாமென்று செங்கல்பட்டுக்கு, பெரிய மெக்கானிக் தேவசகாயத்திடம் கொண்டுபோனான். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார்.

"மூணு தபா எடுத்தேன் சௌகத்து. நாடகம் ஏறுது. உம் மச்சான் பேச்சு மட்டும் ஏற மாட்டேங்குது. பேஜார் புடிச்ச கேசட்டு. கால்வாயில போட்டுட்டு வூட்டுக்குப் போ."

கடைசி பஸ்ஸில் கழுக்குன்றம் வந்து, அங்கிருந்து சைக்கிள். முதலில் சொன்னேனே, அந்த ராத்திரிதான். கால்வாய்ப் பாலத்தில் நிறுத்தினான். சேற்று நாற்றம். சவுக்குத் தோப்பில் காற்று ஊய்... ஊய் என்றது. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாமென்று பட்டனை அமுக்கினான். டக். கப்பல் இரையும் சத்தம், ம்ம்ம்ம்... அப்புறம் காட்டேரி பேசும் இடம். அதுவரை அது ஒரு பெண் குரல். அன்றைக்கு ரஹ்மத்துல்லா. அதே தொண்டைக் கரகரப்பு.

"ராபியா... இன்னொரு தபா போடும்மா. பசிக்குது."

சௌகத் கேசட்டை உருவிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீட்டினான். போட மனசு வரவில்லை. மொத இருபத்தொரு நிமிசத்தையும் நான்தான் அழிச்சேன், மிச்சத்தையும் நானே அழிக்கணுமா... அங்கேயே உட்கார்ந்து அழுதான். அப்புறம் எழுந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டே போனான்.

ராபியாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் களைத்துப்போன கண்ணோடு கேட்டுக்கொண்டாள்.

"நான் பதிலே பேசி அனுப்பலியேண்ணே. அதான் பசின்றாரு. நீ ஒடைச்ச எடத்துல காயிதம் அடைச்சுக் குடு."

அடைத்துக் கொடுத்தான். கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே குந்தியிருந்தவனுக்கு அரை மணி நேரம் முணுமுணுப்புக் கேட்டது. நடுவில் ஒரு தடவை சிரித்தாள், கல்யாணமான புதிதில் சிரிப்பாளே அந்தச் சிரிப்பு. பிறகு டக்.

விடிந்ததும் பார்த்தால் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் தெளிவு. "ராபியா" என்றான். திரும்பினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. ஒரு முனகல்கூட இல்லை.

ஓடிப்போய்க் கேசட்டைப் போட்டான். நாடகமும் இல்லை, அவள் பேசியதும் இல்லை. அரை மணி நேரமும் ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல்தான். முடிகிற இடத்தில் மச்சான் குரல்.

"ராபியா, பதில் கெடச்சுது. முழுசும் கேட்டேன்..." கொஞ்சம் மூச்சு வாங்கியது. "பத்தல."

அழுகை நின்றபின் முதல்தடவையாக அவளுக்குக் கண்ணீர் வந்தது. கேசட்டை எடுத்து அண்ணன் கையில் வைத்து, விரலை மூடினாள். அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அழித்தவன் அவன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மாட்டேன் என்பான்? அவனும் கதவைச் சாத்திக்கொண்டு பேசினான்.

அவ்வளவுதான். சௌகத், டீயைக் கொடு... பார்த்தீர்களா, உதடு அசைகிறது. என்ன சொல்கிறான் என்று உங்களுக்குப் புரியாது, எனக்குப் பழக்கம். அவன் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருப்பது சிகரெட் பெட்டி இல்லை, அந்தக் கேசட். அதற்கு இன்னும் பத்தவில்லையாம். உங்களில் யாராவது துணையைப் பறிகொடுத்தவர் இருக்கிறாரா என்று கேட்கிறான்.