காலிக் குடுவைக்குக் கிடைத்த கைதட்டல்

மன்றத்தின் தலைமை இருக்கையில், ஆறு வற்றிய காலத்திலும் வாக்கு வற்றாமல் வீற்றிருக்கும் பெரியவர் முதாவு அவர்களே! மாடுகள் மெலிந்தாலும் மனம் மெலியாத மந்தைக்காரர்களே! வெம்பே ஆற்று மணலைத் தோண்டித் தோண்டி நகம் தேய்ந்துபோன தாய்மார்களே! தந்தம் சுமந்து கிழக்குக் கடல்வரை நடந்து, பாசிமணி சுமந்து திரும்பிய பயணிகளே! மூட்டை கட்டி முடித்தவர்களே, இன்னும் கட்டி முடிக்காதவர்களே! இந்த மலைக்கும் இந்த மன்றத்துக்கும் இடையே ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்த நியம்பெனியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

அங்கே யார் கொட்டாவி விடுவது? அரசனின் அக்கா பேசி முடிக்கும்வரை மன்றம் கலையக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே உட்காருங்கள். நான் சுருக்கமாகப் பேசுகிறவள் அல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நேற்று இந்த மன்றம் ஒரு முடிவு எடுத்தது. விடிந்தால் வடக்கே புறப்படுகிறோம். மழை பொய்த்தது, மண் வெடித்தது, சோளம் கருகியது, கன்றுகள் தாயின் வற்றிய மடியை முட்டி முட்டி ஓய்ந்தன. வடக்கே கல்மதில் எழும்பும் ஊரில் புல் இருக்கிறதாம், புனல் இருக்கிறதாம். போவோம்! நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு வால் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன். மழையரசன் மலையைவிட்டு இறங்கலாகாது, ஆகவே என் தம்பி மவுங்கோ மேலேயே இருக்கட்டும், பாறைப் பிளவில் செருகிய மரப்படிகளை உருவிவிட்டுப் போவோம் என்றீர்கள். அவ்வளவு எளிதாகச் சொன்னீர்கள்!

படியை உருவினால் நான் மேலே போவது எப்படி? அவன் கீழே வருவது எப்படி? புகை எழும்பாத ஊரை, நாய் குரைக்காத ஊரை, ஒரு மனிதன் எத்தனை காலம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான்?

என்ன மக்வரேலா, முனகுகிறாய்? சத்தமாகச் சொல். "குடிகார ராசாவுக்கு ஊரு எதுக்கு, குடுவை போதாதா" என்கிறாய். சிரியுங்கள், எல்லோரும் சிரியுங்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் அந்தக் குடுவையைப் பற்றியே பேசுகிறேன்.

அரசன் குடுவையைத் தூக்கினால் மேலே கொம்பு ஊத வேண்டும். கொம்பு ஊதினால் கீழே அத்தனை பேரும் கை தட்ட வேண்டும். நம் வழக்கம் இது. மாவு இடிப்பவள் உலக்கையைப் போட்டுவிட்டுத் தட்டினாள். பால் கறப்பவன் மடியை விட்டுவிட்டுத் தட்டினான். முன்பெல்லாம் மாலையில் ஒரு தடவை ஊதும் கொம்பு, இந்த வறட்சியில் காலையில் ஊதியது, நடுப்பகலில் ஊதியது, விளக்கு வைக்கும் நேரத்திலும் ஊதியது. நீங்கள் என்ன பேசினீர்கள்? என் காதாலேயே கேட்டேன். "நமக்கு நாக்கு நனைக்கத் தண்ணியில்ல, மேல பாரு, ஆறா ஓடுது கள்ளு!" இது மக்வரேலா. பானை வனையும் போபி என்ன சொன்னாள்? "தட்டித் தட்டியே என் பானை பாதியில காஞ்சுபோகுது. நாலு கையோட பொறந்திருக்கணும்டி!" தலையைக் குனியாதே போபி. நன்றாகத்தான் சொன்னாய். உண்மை தெரியாமல் அன்று நானும் சிரித்தேன்.

போன கோடையில் கொம்பூதும் கிழவர் இறந்துபோனார். வேறு யாரும் அரசனைப் பார்க்கக் கூடாது என்பதால் கொம்பு என் கைக்கு வந்தது. முதல் நாள் மேலே போனேன். பொன்தகடு வேய்ந்த கோல் ஒரு பக்கம், சிறுத்தைத் தோல் ஒரு பக்கம், நடுவில் என் தம்பி. எதிரே ஒரு பாறை முயல். அதனிடம் மாட்டைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டான். குடுவையைத் தூக்கினான். நான் எட்டிப் பார்த்தேன்.

அவையோரே, அந்தக் குடுவையில் ஒரு சொட்டுக் கள் இல்லை! அடியில் காய்ந்த மண்டிதான் இருந்தது.

"தம்பி, காலியாக் கிடக்குதேடா."

"தெரியும். நீ ஊதுக்கா."

"குடிக்காம எதுக்கு ஊதணும்? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"நீ இறங்கிப் போயிட்டா அப்புறம் எனக்கு என்னக்கா கேக்கும்? காத்துதான். ஊதினா கை தட்டுறாங்க. அதுல போபி எதுன்னு எனக்குத் தெரியும். ஈரக் களிமண்ணோட தட்டுவா, சப்சப்புனு கேக்கும். முதாவு பெரியப்பா ஒவ்வொண்ணா நிறுத்தித் தட்டுவாரு. கடைசியில, எல்லாரும் ஓஞ்சப்புறம், வேண்டாவெறுப்பா ரெண்டே ரெண்டு தட்டு... அது மக்வரேலா. கன்னு மேய்க்கும்போதும் அவன் அப்படித்தான், எல்லாத்துக்கும் கடைசி."

நான் ஊதினேன். நீங்கள் தட்டினீர்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

கள் ஏன் போகவில்லை? வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோளக் கள் வடித்து, மூடிய பானையில் அனுப்ப வேண்டும். அரசன் என்ன உண்டான், என்ன குடித்தான் என்று எவரும் கேட்கக் கூடாது, மேலே கண்டதைக் கீழே சொல்லவும் கூடாது; அதனால்தான் என் கூழில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டு இன்றுவரை நானும் வாயை மூடியிருந்தேன். சோளம் குறைந்தபோது இந்த வீடு அந்த வீடு அனுப்பும் என்று நினைத்தது. அந்த வீடு அடுத்த வீடு அனுப்பும் என்று நினைத்தது. கொம்பு ஊதியது, ஆகவே கள் போகிறது என்று ஊரே நம்பியது! பசித்தவனைப் பார்த்துப் பெருந்தீனிக்காரன் என்றோம். தனித்தவனைப் பார்த்துத் தலைக்கனம் பிடித்தவன் என்றோம். மேகத்துக்கு அருகில் உட்காரவைத்தோம். மனிதர்களுக்கு அருகில் உட்கார விட்டோமா?

யாரது பின்னால்? "அவன் கால் மண்ணுல பட்டா மழை வராது" என்று கத்துவது? ஐயா, இத்தனை காலம் படாமல்தானே இருந்தது! வந்ததா மழை? ஆம், இப்போது சிரியுங்கள், இது சிரிக்க வேண்டிய இடம்தான்.

நான் அரசனுக்காகக் கேட்கவில்லை. கோல் மேலேயே இருக்கட்டும். சிறுத்தைத் தோல் மேலேயே இருக்கட்டும். மழைக்கு யார் பொறுப்பு என்று வடக்கே போய்ச் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கன்று மேய்த்த மவுங்கோவை மட்டும் எனக்குக் கொடுங்கள். அவன் இல்லாமல் நான் ஓரடி எடுத்து வைக்க மாட்டேன். படியை உருவுவதானால் நான் மேலே ஏறிய பிறகு உருவுங்கள்.

இதோ என் கையில் கொம்பு. இதை நான் ஊதப் போவதில்லை. அவன் நம்மோடு வரட்டும் என்று நினைப்பவர்கள், கொம்பு இல்லாமல், குடுவை இல்லாமல், நீங்களாகவே ஒரு முறை கை தட்டுங்கள்.

என்ன, பயமா? போபி, நீ தொடங்கு. அப்படித்தான்! முதாவு பெரியப்பா, நிறுத்தி நிறுத்தித் தட்டுங்கள், உங்களைத் தேடுவான். தாய்மார்களே! தந்தம் சுமந்தவர்களே! தட்டுங்கள், மலை கேட்கட்டும்!

போதும். நிறுத்துங்கள். எல்லோரும் ஓய்ந்தாயிற்றா? ஒரு குறை இருக்கிறதே... ஆம். ஒன்று. இரண்டு. கேட்டேன், மக்வரேலா. அவனும் கேட்டிருப்பான்.

உஷ்... மேலே.

கேட்கிறதா? தனி ஆள் ஒருவனுடைய இரண்டு கைகள். அரசன் கை தட்டக் கூடாது என்பது வழக்கம். அவன் தட்டுகிறான்! யாருக்குத் தட்டுகிறான்? நமக்குத்தான்.

மக்வரேலா, எழுந்து எங்கே போகிறாய்?

"படியைக் கெட்டியாப் புடிச்சுக்கிறேன் அக்கா. அவனுக்கு இறங்கிப் பழக்கமில்ல."

போடா, ஓடு! பெரியவர் முதாவு அவர்களே, செவிகொடுத்த சான்றோரே, கைகொடுத்த தாய்மார்களே, என் கண் இப்போது சரியாகத் தெரியவில்லை, விட்டுப்போன பெயர்களை மன்னியுங்கள். உங்கள் எல்லோருக்கும் என் நன்றி, என் வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள். அவன் வரும்போது யாரும் தரையில் விழாதீர்கள். நிமிர்ந்து நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் அதைக் கேட்டு வெகுகாலம் ஆகிறது.