மூன்றாம் மாடி சும்மா இருக்கிறது

எனது பெயர் சந்தான் கிறிகோரி. வயது எழுபத்தாறு. பிறந்த இடம் மன்னார், பேசாலை. இப்போது இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகை ஒன்றின் கீழ்த்தளத்தில் மகன் றோபேட்டுடனும் மருமகள் ஜெனனியுடனும் வசித்து வருகிறேன். அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவுவது என் வேலை. எழுத வாசிக்கத் தெரியாது. மூன்றாம் மாடியில் கல்லால் அடைத்திருந்த வாசலை உடைத்தது பற்றிப் பொலிஸ் அதிகாரி விசாரித்தபோது நான் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மொனிகா எழுதுகிறார்.

ஜெனனி ஒரு தனியார் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வரைபட வேலை செய்கிறாள். படத்தில் ஒரு வீட்டைத் தொட்டால் அதற்குரிய விபரக் கட்டங்கள் திறக்கும். ஆள் உண்டா இல்லையா என்பது அதில் ஒன்று. எங்கள் தெரு வீடுகளை நான் ஏறிப் பார்த்து வந்து சொல்ல, சொன்னபடியே தமிழில் தட்டி வைத்தாள். அதன் பிறகு கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பாமல், எல்லாவற்றையும் ஒரேயடியாக நிரப்பச் சில வரிகளில் கட்டளை எழுதினாள். அதை ஸ்கிரிப்ட் என்பாள். ஆளில்லாத வீட்டை நான் 'சும்மா கிடக்கு' என்றே சொல்வதால், 'சும்மா' என்ற சொல் எந்த வீட்டுக்கு நேரே இருக்கிறதோ அந்த வீட்டுக்கு 'ஆள் இல்லை' என்று போடும்படி அந்தக் கட்டளை இருந்தது. இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

மூன்றாம் மாடியில் சின்யோரா நூன்சியா என்ற அம்மா தனியாக இருந்தார். வயதான சிசிலிக்காரி. நான் படி கழுவும்போது கதவைத் திறந்து, "கழுவுகிறாயா, ஞானஸ்நானம் கொடுக்கிறாயா?" என்று தங்கள் பாஷையில் நக்கலடிப்பார். தோடம்பழ ஜாம் காய்ச்சி எங்களுக்கும் ஒரு போத்தல் தந்திருந்தார். வீடுகளை ஏறிப் பார்த்த அன்று நான் இறங்கி வந்ததும், "மாமா, மூண்டாம் மாடி?" என்று ஜெனனி தலை நிமிராமலே கேட்டாள். "அந்த மனிசி சும்மாதான் இருக்குது, பிள்ளை" என்றேன். நோய் நொடி இல்லாமல் இருக்கிறார் என்ற கருத்தில் சொன்னேன். "அப்பா அந்த மாடியை மட்டும் ஏன் அவ்வளவு நேரம் கழுவுறார் எண்டு கேளும்" என்று றோபேட் பகிடி விட்டான். அவள் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

அதன் பிறகு றோபேட் கோடைக்கால வேலைக்குக் கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோ போக, நானும் அவனோடு போய்ச் சில நாள் தங்கினேன். திரும்பி வந்து படி கழுவ ஏறியபோது மூன்றாம் மாடியில் கதவைக் காணவில்லை. வாசல் முழுவதும் கல் வைத்துப் பூசியிருந்தது. வரைபடத்தில் ஆளில்லை என்று காட்டும் வீடுகளை, வெளியார் புகுந்து குடியேறாதபடி, கொந்தராத்து எடுத்த மேசன்மார் அடைத்துப் போனதாகக் கீழே சொன்னார்கள். சுவரில் காதை வைத்தேன். உள்ளே கோப்பைக்குள் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். கரண்டி நின்றது.

இறங்கி வந்து சொன்னதும், "ஐயோ மாமா, உங்கடை சும்மாவை அது பிடிச்சிட்டுது" என்று ஜெனனி அழுதாள். அலுவலகத்துக்கு அழைத்தாள். படத்தில் திருத்தினால்தான் திறக்க ஆள் வரும் என்றார்கள். 'ஆள் உண்டு' என்று திருத்தினாள். காலையில் அது மறுபடி 'ஆள் இல்லை' என்று இருந்தது. கட்டளையிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிட்டுத் திரும்பவும் திருத்தினாள். மறுநாளும் அப்படியே இருந்தது. அதன் பிறகு அவள் திருத்தவில்லை. காரணம் கேட்டேன். "எந்தச் சின்யோரா, மாமா? அது எப்பவும் சும்மா கிடந்த வீடெல்லோ" என்றாள். அப்படிச் சொல்லும்போது அந்தத் தோடம்பழ ஜாமைத்தான் பாணில் பூசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடிக்காரர், மேலிருந்து உடுப்புத் தண்ணீர் சொட்டுகிறது என்று சின்யோராவோடு கிழமைக்குக் கிழமை சண்டை பிடித்தவர், அவரும் அங்கே யாரும் இருந்ததில்லை என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சுத்தியல் எடுத்துக்கொண்டு போய் வாசலை உடைத்தேன். உள்ளே சின்யோரா இல்லை. மேசையில் இருந்த கோப்பி ஆறியிருக்கவில்லை. ஞாயிறென்று வீட்டுக்கு வந்திருந்து, சத்தம் கேட்டு ஏறி வந்த றோபேட், "ஆரும் இல்லாத வீட்டை என்னத்துக்கு உடைச்சனீங்கள், அப்பா?" என்று கத்தினான். கத்திக்கொண்டே வந்தவன் உடைந்த கல்லடியில் நின்று, இங்கே பிறர் வீட்டுக்குள் நுழையும்போது எல்லோரும் கேட்பதுபோல, "பெர்மெஸ்ஸோ?" என்று மெல்லக் கேட்டான். கொஞ்சம் பொறுத்தான். பதில் கேட்டவன்போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தான். யாரிடம் கேட்டாய் என்றேன். "நான் எங்கை கேட்டனான்?" என்றான்.

இங்கே வருமுன் ஜெனனி என் கையைப் பிடித்து, "ஆள் இல்லை எண்டு சொல்லுங்கோ, மாமா. இருந்தது எண்டு சொன்னால் ஒரு மனிசியை உயிரோடை கட்டி அடைச்சது நான் எண்டு வரும். வேலையும் போகும், விசாவும் போகும்" என்று கெஞ்சினாள். சுவர் உடைத்த குற்றம் மட்டுமென்றால் எனக்கும் பெரிதாக ஒன்றும் வராது. ஆனால் நான் இல்லை என்று சொன்னால் சின்யோராவை இனி யாரும் தேடமாட்டார்கள். ஆகவே சொல்கிறேன்: ஆள் இருந்தார். தவறு என் வாயில் வந்த சொல்லுடையது. ஜெனனி வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. எனக்கு மட்டும் எப்படி ஞாபகம் என்று அதிகாரி கேட்டார். தெரியாது. அந்தப் படத்தை வாசிக்கத் தெரியாதவன் அங்கே நான் ஒருவன்தான்.

மொனிகா இதை எனக்கு வாசித்துக் காட்டினார். சின்யோரா நூன்சியாவின் பெயர் வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் அவர் குரல் அதைத் தாண்டிப் போனது. நிறுத்தி, பெயரை விட்டுவிட்டீர்கள் பிள்ளை என்றேன். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எந்தப் பெயர், ஐயா?" என்றார். திரும்ப எழுதும்படி கேட்டு, ஒவ்வோர் இடத்திலும் எழுதும்வரை பக்கத்தில் நின்று நானே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. எழுதப்பட்டது என்று அவர் சொல்வதை நம்பி, நான் சொன்னது முழுவதும் உண்மையென்று இடது பெருவிரல் வைக்கிறேன்.

(இடது பெருவிரல் அடையாளம்)
சந்தான் கிறிகோரி