மூன்றாவது அடி

இன்று காலை ஒன்பது இருபதுக்குக் கால்நடை மருத்துவமனையின் அறுவைப் பிரிவு மருத்துவர் தொலைபேசியில் தெரிவித்து, காவல் நிலைய எழுத்தர் குறித்துக்கொண்ட தகவல்: நாய் உயிருடன் இருக்கிறது. மூன்று அடிகள் விழுந்துள்ளன. முதல் இரண்டும் தோள்பட்டையில். அங்கே எலும்பு முறியவில்லை. மூன்றாவது அடியில் இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு முறிந்துவிட்டது. பின்னங்கால்களில் உணர்வு இல்லை. இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்ட பிறகு நான் தரும் வாக்குமூலம்.

நான் சிறுவனின் தாய். வயது முப்பத்தெட்டு. ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்கிறேன். சிறுவனின் அடையாளத்தைக் காக்க, எங்கள் பெயர்களும் முகவரியும் தனித்தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டப்பட்டுள்ளன. அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில் நானும் மகனும் நாயும் வசிக்கிறோம். கணவர் நான்கு ஆண்டுகளாக எங்களுடன் இல்லை.

மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச்சு வரவில்லை. திடீரென்று பெரிய ஓசை கேட்டால் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஓடுவான். நாய் வருவதற்கு முன்பு மூன்று முறை காணாமல் போனான். மூன்றாவது முறை ரயில் பாதையின் நடுவில் உட்கார்ந்து சரளைக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தோம். அதன் பிறகு பயிற்சி மையத்தில் விண்ணப்பித்து, பதினான்கு மாதம் காத்திருந்து, இந்தத் துணை நாயைப் பெற்றோம். மையம் அதற்கு வைத்த பெயர் வேறு. எங்கு பார்த்தாலும் கொட்டி வைத்தாற்போல் கிடப்பதால் நான் மூட்டை என்று கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. அது வந்த இந்த இரண்டு ஆண்டுகளில் மகன் ஒருமுறைகூடக் காணாமல் போகவில்லை.

நாயின் வேலை என்ன என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். வெளியே போகும்போது நாய் ஒரு மஞ்சள் மேலங்கி அணிந்திருக்கும். துணை நாய், தொந்தரவு செய்யாதீர்கள் என்று அதில் எழுதியிருக்கும். அந்த மேலங்கியிலிருந்து ஒரு வார் மகனின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும். மகன் நிலைகுலைந்தால் நாய் அவனைத் தோளால் தள்ளித் தரையில் சாய்த்து, அவன் மார்பிலும் தொடையிலும் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். அதன் எடை முப்பத்தொரு கிலோ. அந்த எடையில்தான் அவன் அடங்குவான். அதுவரை நாயை யாராலும் எழுப்ப முடியாது. கூப்பிட்டாலும் வராது, இழுத்தாலும் அசையாது. என் கழுத்தில் தொங்கும் விசிலை ஒரு முறை நீளமாக ஊதினால் மட்டும் எழுந்து என்னிடம் வரும். நாயை ஒப்படைத்த அன்று பயிற்றுநர் என்னிடம், "பையன் உங்க கைக்கு வந்தப்புறம்தான் விசில். அதுக்கு முன்னாடி ஊதிட்டா நான் சொல்லிக்குடுத்ததெல்லாம் வீண், அக்கா" என்றார்.

நேற்று காலை மகன் மேலங்கியின் மேல் பாலைக் கொட்டிவிட்டான். அதைத் துவைத்துக் காயப் போட்டேன். மாலை மூன்றரை மணிக்கு அவன் மாத்திரை தீர்ந்திருப்பதைப் பார்த்தேன். மேலங்கி இன்னும் ஈரமாக இருந்தது. ஈரத் துணி மேலே பட்டால் மகனுக்கு ஆகாது. மருந்துக்கடை நான்கு நிமிட நடைதான். அதனால் மேலங்கியும் வாரும் இல்லாமல் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, நாயைக் கழுத்துப் பட்டையோடு அழைத்துப் போனேன். மேலங்கி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது மையத்தின் விதி. அந்தத் தாளில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரருக்கு எங்களைத் தெரியும். நாயைப் பார்த்ததும், "என்ன மூட்டை, யூனிஃபார்ம் போடாம வந்திருக்கே, இன்னைக்கு லீவா?" என்று கேட்டார். நான், "ஐயா ஓவர்டைம் பாக்குறாரு" என்றேன். சிரித்தோம். அதன் பிறகு, அந்த மாத்திரைக்குப் பதிவேட்டில் கையெழுத்து வேண்டும் என்றார். பேனாவை வாங்க மகனின் கையை விட்டேன்.

அந்த நேரத்தில் சாலையில் ஒரு லாரி காற்று ஹாரனை அடித்தது. மகன் ஓடினான். கடைக்கு முன்னால் வண்டிகள் நிற்கும் இடம் இருபது அடி இருக்கும். அதைத் தாண்டினால் சாலை. கிடங்குகளுக்குப் போகும் லாரிகள் அந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நாய் அவனுக்கு முன்னால் ஓடி, நடைபாதையின் விளிம்பில் அவனைத் தள்ளிச் சாய்த்து மேலே படுத்தது. மகனின் தலை சாலைப் பக்கம் இருந்தது. நான் பின்னால் ஓடினேன். வரிசையாக நின்ற இருசக்கர வண்டிகளில் சேலை சிக்கி விழுந்தேன்.

பக்கத்து டயர் கடையில் வேலை செய்பவர், சக்கரம் கழற்றும் இரும்புக் கம்பி கையில் இருக்க, "ஐயோ, நாய் புள்ளையக் கடிக்குது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். மகன் அலறிக்கொண்டு கைகால்களை உதைத்துக்கொண்டிருந்தான். மேலங்கி இல்லாத நாய் ஒன்று அவன்மேல் கிடந்தது. பார்ப்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அவர் ஓங்கி அடித்தார். நாய் கத்தியது, நகரவில்லை. நான், "அடிக்காதீங்க, அது எங்க நாய்!" என்று கத்தினேன். லாரிச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. இரண்டாவது முறை அடித்தார். நாய் தலையை மகனின் கழுத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டது. அது அவரையோ வேறு யாரையுமோ கடிக்கவில்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை.

இனிச் சொல்வதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். முதல் அடி விழுந்தபோதே விசில் என் வாயில் இருந்தது. ஊதியிருந்தால் நாய் எழுந்து என்னிடம் வந்திருக்கும். மகன் எழுந்து சாலைக்குள் ஓடியிருப்பான். நான் ஊதவில்லை. இரண்டாவது அடிக்கும் ஊதவில்லை. அவர் மூன்றாவது முறை கம்பியை ஓங்கியதைப் பார்த்தேன். அப்போதும் ஊதவில்லை.

இந்த இடத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்தி, "இது எதுக்கும்மா? கேஸுக்குத் தேவையில்லையே" என்றார். நான், "எழுதுங்க சார்" என்றேன். எழுதினார்.

மூன்றாவது அடியும் விழுந்த பிறகு நான் எழுந்து ஓடி மகன்மேல் விழுந்து அவனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். டயர் கடை ஊழியர் கம்பியைக் கீழே போட்டார். மகன் என் பிடிக்குள் வந்ததை உறுதி செய்துகொண்டு விசிலை ஊதினேன். நாய் எழ முயன்றது. பின்பக்கம் எழவில்லை. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு என் முழங்கால்வரை வந்து நின்றது. வால் அசையவில்லை.

கூடி நின்றவர்களில் ஒரு பெண், "நாய வளக்கத் தெரியுது, பெத்தத பாத்துக்கத் தெரியலையே" என்றார். மருந்துக்கடைக்காரர் அவரை அதட்டினார். டயர் கடை ஊழியர்தான் தன் கடை வேனில் நாயைத் தார்ப்பாயில் கிடத்தி எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியில், "அக்கா, எனக்கும் இவன் வயசுல ஒருத்தன் இருக்கான்" என்றார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை என்று எழுதச் சொன்னேன். புகார் கொடுத்தது பயிற்சி மையம் என்றும், என் குறை நிறையைக் குறிக்க இதில் இடமில்லை என்றும் அதிகாரி சொன்னார்.

நேற்றிலிருந்து மகன் சாப்பிடவில்லை. கூடத்தில் மல்லாந்து படுத்து, கைகளை இரு பக்கமும் விரித்து வைத்துக் காத்திருக்கிறான். இரண்டு மெத்தைகளை அவன்மேல் போட்டுப் பார்த்தேன், தள்ளிவிட்டான். நானே மேலே சாய்ந்து படுத்தேன். என்னையும் தள்ளிவிட்டான். விசிலைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். எடுத்து வந்து என் கையில் வைத்தான். மறுபடி வைத்தேன், மறுபடி எடுத்து வந்தான். இன்று அவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டு வந்திருக்கிறேன்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் பேசவில்லை. இதை அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சிறுவனின் தாய்

எழுத்தரின் குறிப்பு: டயர் கடை ஊழியரின் வாக்குமூலம் நாளை காலை பதினோரு மணிக்குப் பதிவாகும். நாயைக் கருணைக்கொலை செய்ய ஒப்புதல் கேட்டு மருத்துவமனை அனுப்பிய படிவத்தில் பயிற்சி மையம் கையெழுத்திட்டுவிட்டது. வளர்ப்பவர் கையெழுத்திட வேண்டிய இடம் காலியாக உள்ளது. நாளை மாலை நான்கு மணிக்குள் படிவம் திரும்பி வர வேண்டும். நாயைக் கடைசியாகப் பார்க்க மகனை அழைத்து வரலாமா என்று தாய் கேட்டிருக்கிறார். மருத்துவர் இன்னும் பதில் சொல்லவில்லை.