செங்கமலம் கொடுத்தது

1963-ம் வருஷம் ஜூன் மாதம் 7-ந் தேதி காலை 11 மணிக்கு போலீஸ் ஸ்டேஷனில் ஆஜராகி விசாரிக்கப்பட்ட சாட்சி.

பெயர் கொளஞ்சிநாதன். தகப்பனார் பெயர் தனகோட்டி, காலமாகிவிட்டார். வயது 31. தொழில், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஃபிட்டர். சொந்த ஊர் காடாம்புலியூர். தற்போது குடியிருப்பது மந்தாரக்குப்பத்தில் வாடகைக் கூரை வீடு.

விசாரித்தபோது சொல்வதாவது:

நான் மேற்கண்ட விலாசத்தில் என் மனைவி மாணிக்கம்மாளுடன் மூன்று வருஷமாக இருந்து வருகிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். இந்த வழக்கில் எதிரியான பாவாடை என் உடன்பிறந்த அண்ணன். ஊரில் முந்திரித் தோப்பு பார்த்துக்கொண்டு இருக்கிறார். காயம்பட்ட செங்கமலம், டாக்டர் குஞ்சிதபாதம் நடத்தும் நர்சிங் ஹோமில் பெருக்கித் துடைத்து, படுக்கையில் கிடப்பவர்களின் மலம் எடுத்துக் கொட்டும் வேலை செய்துவந்தவர். அரிஜனக் காலனியில் குடியிருப்பவர். எனக்கும் அவருக்கும் முன்பழக்கம் கிடையாது.

கடந்த மே மாதம் 6-ந் தேதி முதல் ஷிப்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது பெல்ட் ரோலர் ஒன்று கழன்று என் இடது முழங்காலுக்குக் கீழே விழுந்து எலும்பு தெரியக் காயம் ஏற்பட்டது. கான்ட்ராக்ட் ஆள் என்பதால் என்னை மேற்படி டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் ஏழு தையல் போட்டார். அதன் பிறகு காயம் சீழ் வைத்ததால் ஊசி போட்டு, மஞ்சள் நிறக் கேப்சூல் எழுதிக் கொடுத்து, நாள் ஒன்றுக்கு நான்கு வீதம் ஒரு வாரம் விடாமல் சாப்பிடச் சொன்னார். அப்படியே சாப்பிட்டேன். காயம் காய்ந்துவிட்டது.

அதன் பிறகு 17-ந் தேதி முதல் எனக்குப் பேதி ஆரம்பித்தது. முதல் நாள் ஆறு தடவை, மறுநாள் பதினைந்து, அதற்கு மேல் எண்ணவில்லை. பச்சை நிறத் தண்ணீரும் சளியும் போயிற்று. வயிறு உப்பிக் காய்ச்சல் அடித்தது. 21-ந் தேதி என்னைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிப்போய் நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். தண்ணீர் பாட்டில் ஏற்றியும் நிற்கவில்லை. செங்கமலம்தான் எனக்குக் கீழே வைத்த தட்டை மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் தட்டு எடுக்கத் தாமதமானால் நான் அவரை "ஏய்" என்று கூப்பிட்டிருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

24-ந் தேதி மாலை என் அண்ணன் ஊரிலிருந்து வந்தார். மறுநாள் 25-ந் தேதி காலை டாக்டர் என் கட்டிலின் அருகில் நின்று என் அண்ணனிடமும் மனைவியிடமும் பேசினார். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மனுஷன் குடலில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருப்பதாகவும், அவை கெடுதல் செய்பவை அல்ல, நாம் சாப்பிடுவதைச் செரிக்க வைத்துக் கெட்ட கிருமி அண்டாமல் காப்பவை என்றும், நான் சாப்பிட்ட கேப்சூல் புண்ணில் இருந்த கிருமியோடு இவற்றையும் சேர்த்துக் கொன்றுவிட்டதாகவும், காலியான இடத்தில் கெட்டது மட்டும் பெருகிக் குடலை அரிப்பதாகவும் சொன்னார். அந்தக் கேப்சூலை எழுதிக் கொடுத்தவர் தாம்தான் என்பதை அவர் சொல்லவில்லை. அதன் பிறகு, நல்ல தேகத்தோடு இருக்கும் ஒருவருடைய மலத்தை உப்புத் தண்ணீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, எனிமா குழாய் வழியாக ஏற்றினால் நல்ல கிருமிகள் திரும்பக் குடியேறும் என்றும், அமெரிக்காவில் நாலு பேருக்கு இப்படிச் செய்து நாலு பேரும் பிழைத்ததாக டாக்டர்கள் பத்திரிகையில் படித்ததாகவும், தான் இதுவரை செய்ததில்லை என்றும், செய்யாவிட்டால் நான் இரண்டு நாள் தாங்குவது கஷ்டம் என்றும் சொன்னார்.

என் மனைவி உடனே தன்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவளுக்குப் பங்குனியில் சீதபேதி வந்து மருந்து சாப்பிட்டிருந்ததால் டாக்டர் வேண்டாம் என்றார். தாமும் மாத்திரை சாப்பிட்டு வருவதால் தம்முடையதும் ஆகாது என்றார். கம்பவுண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். என் அண்ணனுக்கு நாற்பது வயதாகிறது, இன்றுவரை ஊசி மாத்திரை எதுவும் அறியாதவர். டாக்டர் அவரைக் கேட்டார்.

அதற்கு என் அண்ணன், "பன்னி திங்கறத மனுசனுக்கு ஏத்துவியா? எந்தம்பி செத்தாலும் மானத்தோட சாவட்டும்" என்று சொன்னார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, குடுண்ணே. யாருக்கும் தெரியாது" என்று கேட்டேன். என் கையை விலக்கிவிட்டார். என் மனைவி அவர் காலில் விழுந்தாள். அவர் அவளிடம், ஊருக்கு எடுத்துப்போக வண்டி சொல்லிவிட்டு வருகிறேன் என்று கூறிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நர்சிங் ஹோம் பக்கம் அவர் வரவில்லை.

அதன் பிறகு டாக்டர், தட்டு எடுக்க வந்த செங்கமலத்தைப் பார்த்து, கடைசியாக எப்போது மருந்து சாப்பிட்டாய் என்று கேட்டார். சாப்பிட்டதே இல்லை என்று அவர் சொன்னார். டாக்டர் அவருக்கும் விஷயத்தைச் சொன்னார். செங்கமலம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "எடுத்துக் கொட்றதுக்குத்தான் என்ன வேலைக்கு வச்சீங்க. இப்ப குடுக்கறதும் நானாங்க? நாளைக்கு எதுனா ஆச்சின்னா என் தலையிலதான் வுடியும். அவரு வாயால கேக்கட்டும்" என்றார். டாக்டர் என் மனைவியைச் சொல்லச் சொன்னார். செங்கமலம் அது போதாது என்றார்.

அவர் எந்த வகுப்பு என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அவர்களுக்கு நாங்கள் தண்ணீரைத் தூக்கித்தான் ஊற்றுவோம். நான் என் வாயால், "எனக்குக் குடும்மா, நான் பொழைக்கணும்" என்று கேட்டேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் ஒரு தடவையும், மறுநாள் காலையிலும் மாலையிலுமாக மொத்தம் மூன்று தடவை ஏற்றினார்கள். குழாயை டாக்டரே பிடித்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். 27-ந் தேதி நாலு தடவைதான் போயிற்று. 28-ந் தேதி காலை கெட்டியாகப் போயிற்று. தட்டை எடுத்துப் பார்த்த செங்கமலம், "வந்துட்டுதுங்க" என்று வெளியே போய் டாக்டரைக் கூப்பிட்டார். அன்று நான் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தேன். ஜூன் 1-ந் தேதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அவரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பழத்தைப் பிளந்துகொண்டே, திருவதிகைக் கோயிலில் தான் வேண்டிக்கொண்டதால்தான் நான் பிழைத்தேன் என்றும், அந்தக் கிறுக்கு டாக்டர் பேச்சைக் கேட்காதது எவ்வளவு நல்லதாயிற்று என்றும் சிரித்துப் பேசினார். சுளையை எடுத்து என் வாயருகே நீட்டினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நீ வண்டி சொல்லப் போன. செங்கமலம் குடுத்தா. அதாலதான் ஒக்காந்துகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எந்தச் செங்கமலம் என்று கேட்டார். என் மனைவி என்னை ஜாடை காட்டித் தடுத்தாள். நான் காலனிச் செங்கமலம் என்று சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போக வேண்டும் என்றே சொன்னேன். அதனால் வேறு ஒருவருக்கு என்ன நேரும் என்று அப்போது நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் போனார்.

அதன் பிறகு ஜூன் 3-ந் தேதி காலை ஏழு மணிக்கு என் அண்ணனும் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் செங்கமலத்தின் வீட்டுக்குப் போய், அவர் புருஷன் கலியன் முதல் ஷிப்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவரை வெளியே இழுத்துப்போட்டுச் சவுக்குக் கட்டையால் அடித்து வலது மணிக்கட்டை முறித்து, சோற்றுப் பானையில் சாணியைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போனதாகவும், போலீசில் பிராது கொடுத்துவிட்டு வந்ததாகவும் கலியன் அன்று சாயந்திரம் என் வீட்டுக்கு வந்து சொன்னார். அடித்ததை நான் நேரில் பார்க்கவில்லை. கலியன் என்னைத் திட்டவில்லை. சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். அப்புறம் போய்விட்டார்.

4-ந் தேதி காலை நான் தடியை ஊன்றிக்கொண்டு செங்கமலத்தின் வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டு போட்டிருந்தது. பானை கவிழ்த்து வைத்திருந்தது. நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். அதுவரை என்னை நீங்க என்று பேசியவர் அன்று, "கும்புடாத. ஒன்ன யாரு கும்புடச் சொன்னா? டாக்டரு வேலைக்கு வராதன்னுட்டாரு. ஒங்கண்ணன் நான் ஒனக்கு மருந்து வச்சிட்டேன்னு சொல்லிகினு திரியறான். நீ வாயத் தொறந்து கேட்டதான? அத போய் சொல்ற எடத்துல சொல்லு. இங்க எதுக்கு வந்த?" என்று சத்தம் போட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அங்கிருந்து டாக்டரிடம் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, எனக்கு ஏற்றியது வெறும் உப்புத் தண்ணீர் என்றுதான் போலீசில் சொல்லியிருப்பதாகவும், நானும் அப்படியே சொன்னால் எல்லோருக்கும் நல்லது என்றும், விஷயம் வெளியே போனால் ஒருத்தரும் தன்னிடம் வைத்தியத்துக்கு வரமாட்டார்கள் என்றும் சொன்னார். செங்கமலத்தின் கையைப் பற்றிக் கேட்டேன். அவர் குனிந்து என் கால் காயத்தைப் பார்த்தார். அவர் என் உயிரைக் காப்பாற்றியவர். அதை நான் மறுக்கவில்லை. அவர் போலீசில் சொன்னது பொய். உப்புத் தண்ணீர்தான் நாலு நாளாகக் கை நரம்பில் ஏறிக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் நிற்கவில்லை.

5-ந் தேதி என் அண்ணனும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு நினைவில்லாத சமயம் பார்த்து அந்தப் பெண்ணும் டாக்டரும் சேர்ந்து செய்துவிட்டார்கள் என்று நான் எழுதிக் கொடுத்தால், கோயிலில் தீட்டுக் கழித்து என்னைச் சேர்த்துக்கொள்வதாகவும், கொடுக்காவிட்டால் என் வீட்டுச் சாவுக்கும் வாழ்வுக்கும் ஊரில் யாரும் வரமாட்டார்கள் என்றும் சொன்னார்கள். என் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்து, நான் உன்னிடம் கேட்டது நினைவிருக்கிறதா என்றேன். "நீ என்னியும் கேக்கல, அவளயும் கேக்கல. ஒனக்கு நெனப்பே இல்ல. அவ்ளோதான்" என்றார். அவர்கள் போன பிறகு என் மனைவியும், "மயக்கமா இருந்தேன்னு சொல்லிடுங்க. நமக்குன்னு நாலு பேரு வேணும்" என்று அழுதாள். அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

என்னை விசாரித்த அதிகாரி, இது அண்ணன் தம்பி விவகாரம், யோசித்துச் சொல் என்றார். யோசித்துத்தான் சொல்கிறேன். செங்கமலம் எனக்கு மருந்து எதுவும் வைக்கவில்லை. என்னை ஏமாற்றவில்லை. முதலில் கேட்டது என் அண்ணனை. அவர் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்டது செங்கமலத்தை. இரண்டு பேரையும் கேட்டது நான்தான்.

இதை எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் "நான் நினைவு தப்பியிருந்த நிலையில்" என்று எழுதியிருந்தது. அப்படி நான் சொல்லவில்லை என்றேன். விட்டுவிடேன் என்றார்கள். அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். அந்த வரி அடிக்கப்பட்டு, "நல்ல நினைவோடு இருந்தபோது" என்று மேலே எழுதப்பட்டு, பக்கத்தில் என் கையெழுத்து வாங்கப்பட்டது.

மற்றபடி இதில் உள்ளவை நான் சொன்னவை. யாருடைய தூண்டுதலும் பயமும் இல்லாமல் சொன்னேன். முழுவதும் உண்மை.

(ஒப்பம்) த. கொளஞ்சிநாதன்